ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இத்தனை ஆச்சரியங்களா? தெரியுமா உங்களுக்கு?

காலையில் ஆபீஸ் போனதும் என்ன செய்கிறீர்கள்? மெயில் பார்ப்பீர்கள். எக்செல் திறப்பீர்கள். கணக்குப் பிரிவு என்றால் டேலி! மீட்டிங் என்றால் வீடியோ கால்! இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் தயாராகி இங்கே வந்து இறங்கியது என்றுதானே நினைக்கிறோம்? முழுக்கச் சரியில்லை! இந்திய அலுவலகங்களில் ஓடும் மென்பொருள்களில் பெங்களூரில் ஓர் அப்பாவும் மகனும் சேர்ந்து உருவாக்கியது உண்டு. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் எழுதப்பட்டது உண்டு. கேரளத்தின் சேர்த்தலைக்காரர்கள் போட்டியில் ஜெயித்துக் கொடுத்ததும் உண்டு! ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், வாருங்கள்!

ஆளுக்கு 12 கட்டம்!

எக்செல்லில் ஒரே ஒரு ஷீட் திறக்கிறீர்கள். அதில் எத்தனை கட்டங்கள் தெரியுமா? கீழ்நோக்கி 10,48,576 வரிசைகள். பக்கவாட்டில் 16,384 பத்திகள். பெருக்கிப் பாருங்கள்: 1,717 கோடியே 98 லட்சம் கட்டங்கள்! நொடிக்கு ஒரு கட்டம் என்று தூங்காமல் நிரப்பினால்கூட முடிக்க 544 வருஷம் ஆகும்! இந்தியாவின் 140 கோடிப் பேருக்கும் பங்கு பிரித்தால் ஆளுக்கு 12 கட்டம் கிடைக்கும். அத்தனையும் ஒரே ஷீட்டில்!

நாம் விண்டோஸோடு சேர்த்தே நினைக்கும் இந்த எக்செல், 1985-ல் முதலில் வந்தது எதற்குத் தெரியுமா? ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்கு! விண்டோஸுக்கு வந்தது இரண்டு வருஷம் கழித்து, 1987-ல்தான்!

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் எக்செல்லைத் திறந்து, ஒரு கட்டத்தில் 60 என்று அடியுங்கள். அதைத் தேதியாக மாற்றுங்கள். என்ன வருகிறது? 29 பிப்ரவரி 1900! அப்படி ஒரு நாளே கிடையாது! 1900 லீப் வருஷமே இல்லை! 1980-களில் கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் இருந்த பிழை இது. அதன் கோப்புகள் தன்னிடமும் சரியாகத் திறக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அந்தப் பிழையை எடுத்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை!

டைப்ரைட்டர் நின்றது எப்போது?

1955-ல் இந்தியாவில் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய நிறுவனம் எது? பீரோவுக்கும் பூட்டுக்கும் பேர்போன கோத்ரெஜ்தான்! அந்த நிறுவனம் அலுவலக டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தியது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1990? 1995? இல்லை, 2009! ஊரெல்லாம் இ-மெயில் வந்து, பேஸ்புக் வந்து, ஐபோனும் வந்த பிறகு! அதுவரை மகாராஷ்டிராவின் ஷிர்வல் தொழிற்சாலையில் டைப்ரைட்டர்கள் தயாராகிக்கொண்டே இருந்தன. தமிழ்நாட்டில் ‘லோயர், ஹையர்’ தட்டச்சுத் தேர்வு முடித்தால் அரசு வேலை என்று தட்டித் தட்டிப் பழகிய லட்சக்கணக்கான விரல்கள்தான், பின்னால் அப்படியே கீபோர்டுக்கு மாறின!

வங்கிக்குள் கணினி நுழைய என்ன தேவைப்பட்டது தெரியுமா? தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம்! ‘வேலை போய்விடும்’ என்ற அச்சம் அப்போது அவ்வளவு பெரிது. 1983-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில், எந்த வகை இயந்திரம், எத்தனை வைக்கலாம் என்றெல்லாம் வரம்பு கட்டினார்கள்! கதவு இன்னும் கொஞ்சம் திறக்க 1993-ல் மறுபடியும் ஓர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது!

அப்பா கேட்டார், மகன் எழுதினார்!

இந்த நாட்டில் கணக்கு எழுதும் வேலைக்கு விளம்பரம் வந்தால், அதில் தவறாமல் இருக்கும் சொல் எது? ‘டேலி தெரிந்திருக்க வேண்டும்’! அந்த டேலி பிறந்த கதை தெரியுமா?

பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர். ஆலைகளுக்கும் நூற்பு மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்தவர். தன் வியாபாரக் கணக்கைப் பார்க்க ஒரு மென்பொருள் தேடினார். மனசுக்குப் பிடித்த மாதிரி எதுவுமே கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவிடம் ‘நீயே ஒன்று எழுது’ என்றார். 1986-ல் நிறுவனம் பிறந்தது. அப்போது அதன் பெயர் பியூட்ரானிக்ஸ். மென்பொருளின் பெயர் ‘தி அக்கவுன்டன்ட்’! இன்று அதை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபார நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்கிறது டேலி! ஒரு வீட்டுத் தேவை, ஒரு நாட்டின் பழக்கமாகவே மாறிவிட்டது! 2020-ல் பாரத் கோயங்காவுக்கு பத்மஸ்ரீ!

டேலியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மவுஸைத் தொடவே மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? F4 கான்ட்ரா. F5 பேமென்ட். F6 ரிசீப்ட். F7 ஜர்னல். F8 சேல்ஸ். F9 பர்சேஸ். முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ! கண் பில்லில், விரல் கீபோர்டில்! திரையைப் பார்க்காமலே நூற்றுக்கணக்கான என்ட்ரி போடும் கணக்காளர்கள் நம் ஊர் மண்டிகளிலும் மில்களிலும் எத்தனை பேர்! உண்மையில் ஆச்சரியப்பட வேண்டியது அந்த விரல்களைப் பார்த்துத்தான்.

ஒரே இரவில் மாறிய கணக்கு!

2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்தது. அன்று நள்ளிரவில் நாடு முழுக்க விலைப்பட்டியலின் வடிவமே மாறியது! இன்று ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல்! கையால் பில் போட்டவர்கள்கூட மென்பொருள் பக்கம் வந்தே ஆக வேண்டிய நிலை. இ-இன்வாய்ஸ் என்ற மின் விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் வந்தபோது, 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2023 ஆகஸ்டில் வரம்பு எவ்வளவு தெரியுமா? 5 கோடி! மூன்றே வருஷத்தில் நூறில் ஒரு பங்காக இறங்கிவிட்டது!

இன்னொன்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்பது சட்டம்! எதை, எப்போது மாற்றினார்கள் என்பது அழியாமல் இருக்கும். அந்தப் பதிவை அணைத்து வைக்கவும் முடியாது! கணக்கு தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் பேக்கப் ஆக வேண்டும் என்று 2022-லேயே விதி வந்துவிட்டது!

இவ்வளவு பெரிய சந்தையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் அதிர்ச்சி! 2017-ல் இந்தியக் கணினிகளில் இருந்த மென்பொருள்களில் 56 சதவீதம் உரிமம் இல்லாதவை என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ கணக்கிட்டது. பாதிக்கு மேல்! 2011-ல் அது 63 சதவீதம்! இணையத்தில் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் முறை வந்ததும் இந்தத் திருட்டு சிடி காலம் வேகமாக மங்கத் தொடங்கியது. பூட்டை விட, குறைந்த மாதக் கட்டணம்தான் மக்களை நேர்வழிக்குக் கொண்டுவந்தது என்பது என் கட்சி.

கூகுளுக்கு முன்னால் ஜோஹோ!

பிரவுசரிலேயே கடிதம் தட்டச்சு செய்யும் வசதி என்றதும் கூகுள் டாக்ஸ்தானே ஞாபகம் வருகிறது? கூகுள் அதற்கான ரைட்லி என்ற நிறுவனத்தை வாங்கியது 2006 மார்ச்சில். நம் சென்னை நிறுவனத்தின் ஜோஹோ ரைட்டர் வந்தது எப்போது? 2005-ல்! முந்திக்கொண்டது சென்னை!

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2009-ல்தான் ஜோஹோ என்று பெயர் மாறியது. இன்று 55-க்கும் மேற்பட்ட செயலிகள்! மெயில், கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் பதிவேடு, ஆள் சேர்ப்பு என்று ஓர் அலுவலகம் நடத்த என்னென்ன வேண்டுமோ எல்லாம்! 2023-ல் பயனர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாக அறிவித்தார்கள். 2022-23 நிதியாண்டில் வருமானம் 8,700 கோடி ரூபாய்க்கு மேல்! லாபம் 2,800 கோடிக்கு மேல்! இதில் வெளி முதலீட்டாளர் போட்ட பணம் எவ்வளவு? ஒரு பைசாகூட இல்லை!

நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019-ல் அமெரிக்காவை விட்டு எங்கே வந்தார்? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு! குற்றாலச் சாரல் அடிக்கும் ஊர்! அங்கே ஜோஹோவின் அலுவலகம் 2011-லேயே வந்துவிட்டது. உலகம் முழுக்க நிறுவனங்கள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளப் பயன்படுத்தும் ஜோஹோ டெஸ்க், அந்தத் தென்காசியில் உருவானதுதான்! ‘சாஃப்ட்வேர் வேலையா, பெட்டியைக் கட்டு, சென்னைக்கு ரயில் ஏறு’ என்ற வழக்கத்தையே திருப்பிப் போட்டார்கள், இது சின்ன விஷயமா?

கல்லூரிப் பட்டமே இல்லாமல் மென்பொருள் வேலையா? ஆம்! பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுத்தரும் பள்ளியை ஜோஹோவே நடத்துகிறது. முதல் வகுப்பில் எத்தனை மாணவர்கள்? வெறும் 6 பேர்!

12 லட்சம் மெயில் கணக்குகள் இடம் மாறின!

மத்திய அரசு ஊழியர்களின் மெயில் எங்கே ஓடுகிறது தெரியுமா? சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில் கணக்குகள், பிரதமர் அலுவலகம் உட்பட, ஜோஹோ உருவாக்கிய தளத்துக்கு மாறின என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது! முகவரி மட்டும் பழைய அரசு முகவரியேதான். 2023-ல் போட்ட ஏழு வருஷ ஒப்பந்தம் அது!

2025 செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், கடிதம், ஷீட், பிரசன்டேஷன் எல்லாவற்றுக்கும் ஜோஹோவுக்கு மாறுகிறேன் என்று அறிவித்தார். இரண்டே நாளில், அமைச்சரவை முடிவுகளைச் சொல்லும் பத்திரிகையாளர் சந்திப்பில் திரையில் ஓடியது பவர்பாயின்ட் இல்லை, ஜோஹோ!

அதே வாரம் ஜோஹோவின் மெசேஜ் செயலியான ‘அரட்டை’க்கு நடந்ததுதான் உச்சம்! 2021-ல் வந்து அமைதியாக இருந்த செயலி. ஒரு நாளில் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் தினம் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்றார் வேம்பு! நூறு மடங்குக்கும் மேல்!

உடைந்த டிவியும் ஐநூறு கோடீஸ்வரர்களும்!

ஜோஹோவில் வேலை பார்த்த திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது அவர் டிவி உடைந்துபோனது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். பலனில்லை! இணையத்தில் பொதுவெளியில் எழுதியதும் பணம் வந்துவிட்டது! வாடிக்கையாளர் கையில் இனி இவ்வளவு பலம் என்றால், புகார்களைக் கவனிக்கும் மென்பொருளும் மாறியாக வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது!

2021 செப்டம்பர் 22. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்த அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்! அன்று ஒரே நாளில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள்! அவர்களில் 70 பேருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை! பங்கு வெளியீட்டுக்கு அலுவலகத்துக்குள் வைத்த ரகசியப் பெயர் என்ன தெரியுமா? ‘ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்’! ரஜினி ரசிகரான கிரிஷ் வேறு என்ன பெயர் வைப்பார்?

ஒரே பள்ளியின் இரண்டு மாணவர்கள்!

நீங்கள் அனுப்பும் வேர்டு கோப்பு மைக்ரோசாஃப்டுடையது. பிடிஎஃப் அடோபி தந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் தலைமைக்கு வந்த சத்யா நாதெல்லா, 2007-ல் அடோபி தலைமைக்கு வந்த சாந்தனு நாராயண் இருவரும் படித்த பள்ளி எது? இருவருக்கும் ஒரே பள்ளி! ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல், பேகம்பேட்டை!

அவுட்லுக் மெயில் வைத்திருக்கிறீர்களா? அதன் வேரிலும் ஓர் இந்தியர்! சபீர் பாட்டியா தன் நண்பர் ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து 1996-ல் தொடங்கிய ஹாட்மெயிலை, அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது! அதுதான் பின்னால் அவுட்லுக் ஆனது.

கேரளத்திலிருந்து ஒரு வீடியோ கால்!

2020 ஏப்ரல். ஊரடங்கு. நாடே ஜூமில்! அது பாதுகாப்பானதில்லை என்று உள்துறை அமைச்சகம் எச்சரித்த அதே மாதத்தில், மத்திய அரசு ஒரு போட்டி வைத்தது: நம் நாட்டிலேயே ஒரு வீடியோ மீட்டிங் மென்பொருள் செய்யுங்கள், பரிசு ஒரு கோடி ரூபாய்! ஏறத்தாழ 2,000 குழுக்கள் குதித்தன. ஆகஸ்டில் முடிவு வந்தது. ஜெயித்தது டெல்லியும் இல்லை, பெங்களூரும் இல்லை! ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையிலிருந்து வந்த டெக்ஜென்ஷியா! மென்பொருளின் பெயர் விகன்சோல்!

கேரளத்தின் இன்னொரு சாதனை இதைவிடப் பெரிது. அங்குள்ள பள்ளிகளில் இலவச லினக்ஸும் இலவச அலுவலக மென்பொருள்களும்தான்! 2019-ல் 2 லட்சம் கணினிகளில் இதைப் போட்டதால் மிச்சமான உரிமக் கட்டணம் 3,000 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது அம்மாநிலக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட்! ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம்! சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் தமிழ்நாட்டின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

247 எழுத்து, 31 விசை!

தமிழில் 247 எழுத்து. கீபோர்டில் எத்தனை விசை வேண்டும்? 31 போதும்! 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையின் அழகு அது. விண்டோஸ் தானாகவே தமிழைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-ல்! அதற்கு முன் ஒருவர் தமிழில் அடித்துக் கொடுத்த கோப்பு, அதே எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும்!

36 கோடிப் பேருக்கு இலவசம்!

இப்போது ஏஐ காலம், எண்களும் தலைசுற்ற வைக்கின்றன! 2025 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் போடுவதாக அறிவித்த முதலீடு 1,750 கோடி டாலர்! ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்! நான்கு வருஷத்தில்! அதே வாரம் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் நான்கும் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்குத் தலா 50,000-க்கு மேற்பட்ட உரிமங்களை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. சேர்த்தால் 2 லட்சத்துக்கும் மேல்!

இலவசமாகக் கொட்டியதையும் பாருங்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ என்ற ஏஐ சேவையை ஒரு வருஷம் சும்மா தந்தது. அதன் மதிப்பு சுமார் 17,000 ரூபாய்! அக்டோபரில் ஜியோ தந்த கூகுள் ஜெமினி சந்தாவின் மதிப்பு 35,100 ரூபாய்! நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இலவசம்! உலக நிறுவனங்கள் இந்திய ஊழியரின் மேஜையைப் பிடிக்க எவ்வளவு துடிக்கின்றன என்று புரிகிறதா?

இந்தப் போட்டியில் நம் ஊர்க்காரர்கள் சும்மா இல்லை! 2025 ஜூலையில் ஜோஹோ தன் சொந்த மொழி மாதிரியையே வெளியிட்டது. சியா என்று பெயர். 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள் என மூன்று அளவுகள்! பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் மாதிரிகளும் கூடவே வந்தன. வெளியான அன்று அவை கேட்டுப் புரிந்துகொண்ட மொழிகள் இரண்டு: ஆங்கிலம், இந்தி. மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுபவர்களிடம், அடுத்து தமிழ் எப்போது என்று நாம் உரிமையோடு கேட்கலாம்தானே?